விபத்தும் வக்காலத்தும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் காலை, எங்கள் வீட்டுக் கதவு ஜன்னல்களையெல்லாம் செய்து கொடுத்த தச்சரின் மனைவி, கையில் ஒரு காகிதத்துடன் வாசலில் வந்து நின்றார். "ஐயா, இதிலே கையெழுத்துப் போடலாமா, கூடாதான்னு நீங்கதான் படிச்சுச் சொல்லணும்" என்றார்.

தச்சருக்கு வயது முப்பத்திரண்டு. நல்ல வேலைக்காரர். மூன்று மாதத்துக்கு முன்னால், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து வந்த ஒரு லாரி தள்ளிவிட்டுப் போயிற்று. பகவான் கிருபையால் உயிர் பிழைத்தார். ஆனால், நசுங்கிப்போன இடது கையை டாக்டர்கள் எடுத்துவிட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆவதற்குள், இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் சார்பில் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கனவான் வந்தாராம். மிகவும் மரியாதையுள்ள மனிதர். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்து, தச்சரின் நிலைமைக்காக உண்மையாகவே வருத்தப்பட்டாராம். இரண்டாவது தடவை வந்தபோது இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் கண்ட தொகை ரூபாய் இரண்டரை லக்ஷம்.

"கோர்ட்டுக்குப் போனா வருஷக் கணக்கா இழுக்கும், கிடைக்கிறதிலே பாதியை வக்கீல் எடுத்துக்குவாரு, இதிலே கையெழுத்துப் போட்டா உடனே பணம் வந்துடும்னு சொல்றாரு. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டணும், ஆஸ்பத்திரிக் கடன் இருக்கு. அதான்..." என்று அந்த அம்மாள் நிறுத்திக்கொண்டார்.

எனக்குச் சட்டம் தெரியாது. இரண்டு நாள் பொறுத்துக் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லி, காகிதத்தை வாங்கிக்கொண்டு என் பழைய சிநேகிதர் ஒருவரிடம் போனேன். அவர் முப்பது வருஷமாக மோட்டார் விபத்து வழக்குகளை நடத்தி வருகிறவர். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். "இது 164-வது பிரிவு, ஐயா! நல்ல பிரிவுதான். ஆனால் இந்த வாசல் வழியாக நுழைந்தால் இன்னொரு வாசல் அடைபட்டுவிடும். அதை அந்த அம்மாளுக்கு யாராவது சொன்னார்களா?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். நஷ்ட ஈடு சம்பந்தமான திருத்தங்கள் 2022 ஏப்ரல் 1 முதல் அமுலுக்கு வந்தன. அதன்படி, யார் பேரில் தப்பு என்று நிரூபிக்காமலே, உயிர்ச் சேதமானால் ஐந்து லக்ஷமும், கொடுங்காயமானால் இரண்டரை லக்ஷமும் பெறலாம். சாக்ஷி இல்லாதவர்களுக்கும், தப்பு தங்கள் பேரிலேயே இருக்குமோ என்று அஞ்சுகிறவர்களுக்கும் இது பெரிய உபகாரம். ஆனால் 166-வது பிரிவு என்று இன்னொன்று இருக்கிறது. எதிர்த்தரப்பு டிரைவரின் அஜாக்கிரதையை நிரூபித்தால், இழந்தது எவ்வளவோ அவ்வளவும் கேட்கலாம். அதற்கு உச்ச வரம்பு கிடையாது. 164-ன்படி கொடுப்பதை வாங்கிக்கொண்டுவிட்டாலோ, 166-ன்படி போட்ட மனு காலாவதியாகிவிடும் என்று அதே சட்டம் சொல்கிறது. திண்ணையில் மோர் குடித்தவர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி, தச்சர் அல்ல.

சிநேகிதர் ஒரு பென்ஸிலை எடுத்துக் காகிதத்தின் பின்புறத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். தச்சருக்கு மாதம் பதினையாயிரம் வரும்படி என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 1,80,000. வயது நாற்பதுக்குள் இருக்கிற சுயதொழில்காரருக்கு, எதிர்காலத்தில் வரும்படி கூடும் என்பதற்காக நூற்றுக்கு நாற்பது சேர்க்கவேண்டும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சேர்ந்து தீர்மானித்தார்கள். அது உயிரிழந்தவர் குடும்பத்தின் வழக்கு. அங்கஹீனம் ஆனவருக்கும் அது பொருந்தும் என்று 2020-ல் அதே கோர்ட் சொல்லிவிட்டது. ஆகவே வருஷத்துக்கு 2,52,000. முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தைந்து வயது வரையில் பதினாறால் பெருக்கவேண்டும் என்பது 2009-ம் வருஷத் தீர்ப்பு. ஆக மொத்தம் 40,32,000.

"அப்படியானால் நாற்பது லக்ஷம் கிடைத்துவிடுமா?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"அவசரப்படாதீர். இன்னும் வியாஜ்யமே ஆரம்பமாகவில்லை" என்றார் சிநேகிதர்.

இங்கேதான் நேயர்கள் கொஞ்சம் கவனிக்கவேண்டும். டாக்டர் கொடுக்கும் சர்ட்டிபிகேட்டில் இடது கை போனதற்கு நூற்றுக்கு அறுபது ஊனம் என்று எழுதியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அறுபது பங்குதான் நஷ்டம், ஆகையால் 24,19,200 தான்" என்பார். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் உடலில் ஏற்பட்ட ஊனம் வேறு, பிழைப்பில் ஏற்பட்ட ஊனம் வேறு. ஒற்றைக் கையால் இழைப்புளி பிடிப்பது எப்படி? உளியைப் பிடித்தால் கொட்டாப்புளியை யார் பிடிப்பது? இதைச் சுப்ரீம் கோர்ட் 2010-ல் ஒரு தீர்ப்பில் வெகு தெளிவாக எடுத்துக் காட்டியிருக்கிறது. அதில் நீதிபதிகள் உதாரணமாக எடுத்துக்கொண்டதே இடது கையை இழந்த ஒரு மனிதனைத்தான். அவன் டிரைவராகவோ தச்சனாகவோ இருந்தால் பிழைப்பு முழுவதுமே போனதாகலாம். சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தால் அதே கை போயும் உத்தியோகம் போகாமலிருக்கலாம். எங்கள் தச்சரை மனதில் வைத்தே எழுதினாற்போல் இருக்கிறது! இந்த ஒரு வாதத்தை எடுத்துச் சொல்வதற்கும் சொல்லாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் பதினாறு லக்ஷத்துச் சொச்சம்.

இது தவிர, மாதம் பதினையாயிரம் என்பதற்கு அத்தாட்சி என்ன? தச்சருக்கு யார் சம்பள ரசீது கொடுத்தார்கள்? அவரை வேலைக்கு அழைத்த மேஸ்திரியையும், மரக்கடைக்காரரையும் கூண்டில் ஏற்றவேண்டும். பாங்கிப் புஸ்தகத்தைக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் கோர்ட்டார் தாமாகவே ஏதோ ஒரு வரும்படியை ஊகித்துக்கொள்வார்கள். அந்த ஊகம் பெரும்பாலும் உதாரமாக இருப்பதில்லை. பின்னாலிருந்து லாரி வந்தது என்பதற்குச் சாக்ஷி யார்? "மோட்டார் சைக்கிள்காரர் திடீரென்று நடுவில் வந்தார்" என்று எதிர்த்தரப்பு சொன்னால் என்ன பதில்? தப்பில் பாதி அவருடையது என்று தீர்ந்தால் தொகையில் பாதி போயிற்று. சிகிச்சை செய்த டாக்டரை வரவழைத்துக் கேட்பது, செயற்கைக் கை எத்தனை வருஷத்துக்கொரு முறை மாற்றவேண்டியிருக்கும் என்று விசாரிப்பது, இவையெல்லாம் யாருடைய வேலை? கையும் போய், மனமும் ஒடிந்து, கடன்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பத்தின் வேலையா?

"இந்தக் கோர்ட்டை ஏற்படுத்தியதே வக்கீல் இல்லாமல் ஏழைகள் வந்து போகட்டும் என்றுதானே?" என்று நான் கேட்டேன். சிநேகிதர் ஒப்புக்கொண்டார். வெள்ளைக்காரர் காலத்தில், 1855-ல், ஒரு சட்டம் செய்தார்கள். பிறருடைய தப்பினால் ஒருவன் இறந்துபோனால் அவன் குடும்பத்தார் ஸிவில் கோர்ட்டில் தாவா செய்யலாம் என்று அது சொல்லிற்று. செய்யலாம்தான், கேட்கிற தொகைக்கு ஏற்றபடி கோர்ட்டுக் கட்டணம் கட்டப் பணம் வேண்டாமா? மோட்டாரில் அடிபட்டவன் பெண்டாட்டிக்கு அது எங்கிருந்து வரும்? சுதந்தரம் வந்த பிறகு, 1956-ல்தான், விபத்து வழக்குகளுக்கென்றே டிரிபியூனல் ஏற்படுத்தலாம் என்று 1939-ம் வருஷச் சட்டத்தைத் திருத்தினார்கள். சுருக்கமான விசாரணை, குறைந்த செலவு. இப்போது அமுலில் இருக்கும் 1988-ம் வருஷச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. விபத்தைப்பற்றிப் போலீஸார் அனுப்பும் அறிக்கையையே மனுவாகப் பாவிக்கலாம். கேட்டதற்கு மேலேயே கூடக் கோர்ட்டார் கொடுக்கலாம் என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் மனம் நல்ல மனம்தான்.

ஆனால் சட்டம் ஒரு விஷயத்தைப் போதிய அளவு யோசிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கமும் சாமானிய மனிதர்களாக இருந்தால், வக்கீல்களை வெளியே நிறுத்திவிட்டு நீதிபதி இருவரையும் கேட்டுத் தீர்த்து வைக்கலாம். குடும்பக் கோர்ட்டுக்கான 1984-ம் வருஷச் சட்டத்தில் அப்படித்தான், வக்கீல் வைத்துக்கொள்வது ஒருவருடைய உரிமை அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். கணவன் மனைவி சண்டையில் அது சரியாயிருக்கலாம். இன்ஷியூரன்ஸ் கம்பெனி என்பது கணவனும் அல்ல, மனைவியும் அல்ல. அதற்குச் சொந்தமாக வாய் கிடையாது. யாராவது ஒருவர் மூலமாகத்தான் அது பேசியாகவேண்டும். அப்படிப் பேச வருகிறவர் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், ஆயிரம் விபத்து வழக்குகளைப் பார்த்தவர். தச்சருக்கோ இது முதல் விபத்து. கடைசி விபத்தாகவும் இருக்கட்டும்! இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, "இது எளிய விசாரணை, வக்கீல் எதற்கு?" என்று கேட்பது, பழகிய மல்லனையும் பால் குடிக்கும் பிள்ளையையும் கோதாவில் இறக்கிவிட்டு, "இது விளையாட்டுத்தானே!" என்பது போலிருக்கிறது.

இது ஏதோ ஒரு தச்சர் வீட்டுக் கதை என்று நினைத்துவிடவேண்டாம். 2022-ம் வருஷத்தில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் 4,61,312 விபத்துக்கள் நடந்து, 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதல் ஸ்தானம் வகித்த ராஜ்யம் நம் தமிழ்நாடுதான்: 64,105. பெருமைப்படக்கூடிய முதலிடம் அல்ல. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் குடும்பங்களில் எத்தனை குடும்பங்கள் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவோ!

அதிலும் வீட்டு ஸ்திரீகளுக்கு ஒரு வார்த்தை. சமையலறையில் காலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்து மணி வரையில் உழைக்கும் ஒரு அம்மாள் விபத்தில் போய்விட்டால், "அவருக்கு வரும்படி ஏது?" என்று கேட்பது வெகு காலமாக எதிர்த்தரப்பின் வழக்கம். 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த பெரிய தீ விபத்து சம்பந்தமாக 2001-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் என்று மதிப்புப் போட்டது. 2021-ல் இன்னொரு வழக்கில் அந்த உழைப்பின் கௌரவத்தையே விஸ்தாரமாக எடுத்துச் சொல்லிற்று. இந்த மதிப்பெல்லாம் தானாக ஏறவில்லை. யாரோ ஒரு வக்கீல் எழுந்து நின்று, "அந்த அம்மாள் செய்த வேலைக்கு விலை இல்லையா?" என்று கேட்டதனால் ஏறிற்று.

சரி, வக்கீல் பாதியை எடுத்துக்கொள்வார் என்கிறார்களே, அது? முழுப் பொய் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே காத்திருந்து கட்சிக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். கிடைப்பதில் இத்தனை பங்கு என்று வாய்மொழியாகப் பேசிக்கொள்ளும் வக்கீல்களும் இருக்கிறார்கள். நடக்காத விபத்துக்கு மனுப் போட்ட புண்ணியவான்களும் உண்டு; உத்தரப் பிரதேசத்தில் அப்படிப்பட்ட மனுக்கள் மலிந்ததைப்பற்றி 2021-ல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்துப் பேசும்படி ஆயிற்று. ஆனால் வழக்கின் முடிவை வைத்து பீஸ் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் நம் தேசத்தில் வக்கீல்களுக்கு விலக்கப்பட்டவை. பார் கவுன்ஸில் விதிகளிலேயே அது இருக்கிறது. 1954-லேயே, ஒரு மூத்த வக்கீல் தம் கட்சிக்காரருடன் அப்படிப் பங்கு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டது தொழில்முறைக்குத் தகாத நடத்தை என்று சுப்ரீம் கோர்ட் தீர்மானித்தது. ஆகவே, "பாதி எனக்கு" என்று கேட்கும் வக்கீலிடம், "அப்படிக் கேட்கக்கூடாதாமே, ஸார்?" என்று பணிவாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

எழுந்து எங்கே போவது? இதுதான் நான் எழுத வந்த முக்கிய விஷயம்.

கைது செய்யப்பட்டவனுக்குத் தன் இஷ்டப்படி வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து கொடுக்கிறது. கை இழந்தவனைப்பற்றி அந்த ஷரத்தில் ஒன்றும் இல்லை. 1976-ல்தான் 39-ஏ என்று ஒரு ஷரத்தைச் சேர்த்து, ஏழ்மையின் காரணமாக யாருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, சர்க்கார் இலவசச் சட்ட உதவி அளிக்கவேண்டும் என்று வைத்தார்கள். அதை நிறைவேற்ற 1987-ல் ஒரு சட்டம். அது அமுலுக்கு வந்ததோ 1995 நவம்பர் 9-ல். எட்டு வருஷம் பீரோவில் தூங்கி எழுந்திருக்கிறது! அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவைப் படித்துப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கிறது. ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. அவர்களுடைய வரும்படி எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. ஷெடியூல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு உண்டு. அங்கஹீனர்களுக்கு உண்டு. அதாவது, கையை இழந்த தச்சருக்கு, கை போன காரணத்தினாலேயே உண்டு! இவர்களைத் தவிர, குறிப்பிட்ட வரும்படிக்குக் குறைந்த எல்லோருக்கும் உண்டு. ஜில்லாக் கோர்ட்டுக் காம்பவுண்டுக்குள்ளேயே இதற்கான ஆபீஸ் இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தும் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ வக்கீல்தானே என்று சிலர் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கலாம். காசு கொடுத்தால் வருகிறவர்களில் மட்டும் இல்லையா, என்ன?

இன்னொன்று. "லோக் அதாலத்" என்னும் சமரச மன்றங்களில் விபத்து வழக்குகள் ஏராளமாகத் தீர்கின்றன. மகாத்மா காந்தி தென்னாப்பிரிக்காவில் வக்கீலாயிருந்தபோது கட்சிகளைச் சமாதானப்படுத்தி வைப்பதே தம் தொழிலின் தர்மம் என்று கண்டுகொண்டவர். ஆகையால் சமரசத்தை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் லோக் அதாலத்தில் ஒப்புக்கொண்டதற்கு அப்பீல் கிடையாது. ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். அப்பீல் இல்லாத இடத்தில்தான் பக்கத்தில் ஒரு வக்கீல் மிகவும் அவசியமாக இருக்கவேண்டும். "இந்தத் தொகை நியாயமா?" என்று அவர் காதில் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டலாம் அல்லவா?

கெடுவைப்பற்றியும் சொல்லவேண்டும். 1994-ல் எடுத்துவிட்ட காலவரம்பை 2019-ம் வருஷத் திருத்தம் மறுபடி கொண்டுவந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்யவேண்டும் என்று விதித்தது. இதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்த விசாரணை முடியும் வரையில் காலதாமதம் என்ற காரணத்துக்காக மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று 2025 நவம்பரில் ஓர் இடைக்கால உத்தரவு பிறந்தது. இடைக்கால உத்தரவை நம்பி நாளைக் கடத்துவது, மழை விட்டிருக்கிறதே என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதைப் போன்றது. தச்சருக்கு மூன்று மாதம் ஏற்கனவே கழிந்துவிட்டது.

மறு நாளே அந்த அம்மாளையும் தச்சரையும் அழைத்துக்கொண்டு கோர்ட்டுக் காம்பவுண்டுக்குப் போனேன். ஆபீஸில் ஒரு பாரம் கொடுத்தார்கள். நாலைந்து நாளில் ஒரு வக்கீல் நியமனமானார். சிறு வயதுப் பெண். முதல் காரியமாகத் தச்சரிடம், "அண்ணா, நீங்க உபயோகிச்ச ஆயுதங்களையெல்லாம் விற்கலையே? பத்திரமா வெச்சிருங்க. கோர்ட்டிலே காட்டணும்" என்றார். எனக்கு அந்தப் பெண்ணின் பேரில் அப்போதே நம்பிக்கை பிறந்துவிட்டது. மேஸ்திரியின் பெயர், மரக்கடையின் விலாசம், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இரண்டரை லக்ஷத்துக் காகிதத்தை வாங்கிப் பார்த்து மடித்துத் தம் கட்டில் வைத்துக்கொண்டார். தச்சர் வக்காலத்தில் வலது கையினால் கையெழுத்துப் போட்டார். காகிதம் நகராமல் அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அந்த அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, "ஐயா, அந்த வக்கீலம்மாவுக்கு எவ்வளவு கொடுக்கணும்?" என்று கேட்டார்.

"ஒன்றும் கொடுக்கவேண்டாம், அம்மா."

"ஒண்ணுமேவா?"

"ஒன்றுமே வேண்டாம். அவருக்குச் சர்க்கார் கொடுக்கும்."

அந்த அம்மாள் நான் சொன்னதை நம்பினதாகத் தெரியவில்லை. அடுத்த வாய்தாவுக்குப் போகும்போது ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனாராம். வக்கீலம்மாள் ஒரே ஒரு முறுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மேஸ்திரி ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டாராம்.